ஒட்சிசன் சிலிண்டரா, ஊதும் முகமூடியா? ஒரு படுவான்கரைச் சங்கத்தின் கணக்கு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள எங்கள் ஊர் மரண உதவிச் சங்கத்துக்குச் சுவிஸிலிருந்து கொஞ்சம் பணம் வந்திருக்கிறது. அனுப்பியவர் இந்த ஊரில் பிறந்தவர். சென்ற வருடம் தகப்பனை இழந்தவர். "மூச்சு முட்டிக் கிடப்பவரை வைத்தியசாலை வரைக்கும் உயிரோடு கொண்டு சேர்க்க என்ன வேண்டுமோ அதை வாங்குங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தார். செத்த வீட்டுக்குக் கதிரையும் பந்தலும் கொடுப்பதற்கென்று தொடங்கிய சங்கம், சாவதற்கு முந்திய அரை மணி நேரத்தைப் பற்றி முதன்முதலாகக் கூட்டம் போட்டது.

கூட்டத்தில் மூன்று கட்சி. தலைவர் ஒட்சிசன் சிலிண்டர் என்றார். செயலாளர் தம்பி, விரலில் மாட்டி இரத்தத்து ஒட்சிசனை அளக்கும் ஒட்சிமானியும், கரண்டில் ஓடும் ஒட்சிசன் செறிவாக்கியும் என்றார். பின்வரிசையில் இருந்த ஒருவர், "1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், நமக்கெதற்கு இந்த வேலை" என்றார். முப்பது வருடம் தாதிய உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் எல்லாவற்றையும் ஒப்பிட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

பணம் அனுப்பியவரின் தகப்பனை வைத்தியசாலைக்கு ஏற்றிய அன்று நான் ஊரில் இல்லை. ஏற்றியவர்கள் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். வலிப்பு வந்து நின்றபின் நினைவில்லாமல் கிடந்தவரை ஆட்டோவின் பின் இருக்கையில் நடுவில் இருத்தி, இரு பக்கமும் இருவர் நெருக்கிப் பிடித்துக்கொண்டார்கள். தலை நெஞ்சில் தொங்கியது. கையில் இரும்புச் சாவி. வழியெல்லாம் குறட்டைச் சத்தம் கேட்டிருக்கிறது. "அசந்து தூங்குகிறார்" என்று பிடித்திருந்தவர் ஆறுதல்பட்டிருக்கிறார். பாலம் தாண்டியதும் குறட்டை நின்றது. வேறு எதனாலும் அவர் இறந்திருக்கலாம். ஆனாலும் அந்தக் குறட்டை தூக்கமாக இருந்திருக்க முடியாது. நினைவிழந்தவரின் நாக்கு தளர்ந்து தொண்டையின் பின்சுவரில் போய் ஒட்டும்போது வரும் சத்தம் அது. கழுத்தை மடக்கினால் இன்னும் இறுக ஒட்டும். அன்றைக்கு அந்த ஆட்டோவுக்குள் சிலிண்டர் இருந்திருந்தாலும் மூடிய தொண்டையைத் தாண்டி உள்ளே என்ன போயிருக்கும்?

ஆகவே எதை வாங்குவது என்பதற்கு முன்னால், மூச்சைப் பார்க்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். நெற்றியில் ஒரு கை, நாடியின், அதாவது மோவாயின், எலும்பில் மற்றக் கையின் இரு விரல். தலையைப் பின்னுக்குச் சாய்த்து நாடியை உயர்த்த வேண்டும். மோட்டார் சைக்கிளில் விழுந்தவர், யானை தூக்கி எறிந்தவர் என்றால் கழுத்தை அசைக்காமல் இரு தாடைக் கோணங்களையும் பின்னிருந்து முன்னுக்குத் தள்ள வேண்டும். பிறகு உங்கள் கன்னம் அவர் மூக்கருகில், கண் அவர் நெஞ்சில். பத்து வினாடிக்கு மேல் எடுக்கக் கூடாது. குறட்டை கேட்டால் நாக்கு. களகளவென்றால் சளி, இரத்தம் அல்லது வாந்தி. உள்ளிழுக்கும்போது சீட்டியடித்தால் தொண்டை ஒடுங்கியிருக்கிறது. வெளிவிடும்போது இழுத்தால் முட்டு (ஆஸ்துமா) வருத்தக்காரரின் நெஞ்சு. முட்டுக்காரர் களைத்துப்போய் இழுப்புச் சத்தமே இல்லாமல் அடங்கிவிட்டால், குணமாகிவிட்டது என்று யாரும் நம்பிவிட வேண்டாம்; காற்று போகவே இல்லை என்று அர்த்தம்.

தோணியில் போட்ட மீன் வாயைத் திறந்து திறந்து மூடுமே, அதுபோல இடைவெளி விட்டு விட்டு வாய் பிளப்பதும் மூச்சுக் கணக்கில் சேராது. இதயம் நின்ற முதற்சில நிமிடங்களில் அப்படி வரும். "மூச்சு இருக்கிறது" என்று சொல்லி அந்த நிமிடங்களை இழந்த வீடுகள் எத்தனையோ. ஒட்சிசன் போகாத மூளை நான்கு முதல் ஆறு நிமிடத்துக்குள் சேதமடையத் தொடங்கிவிடும்.

வளர்ந்தவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு சாதாரணம். 30ஐத் தாண்டினாலும் எட்டுக்குக் கீழே இறங்கினாலும் அபாயம். காய்ச்சலும் இருமலுமாக இருக்கும் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை: இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40. அதைத் தொட்டால் வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும். முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுவதை அவர் அறியக் கூடாது. அறிந்தால் மூச்சு மாறிவிடும். நாங்கள் நாடித்துடிப்புப் பார்ப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார்ப்போம்.

இனிச் சிலிண்டர். தலைவரின் ஆசை எனக்குப் புரியாமலில்லை. வெள்ளையும் கறுப்புமாக ஒன்று சங்கக் கட்டடத்தில் நின்றால் பணம் அனுப்பியவருக்குப் படம் எடுத்து அனுப்பலாம். ஆனால் கணக்கைப் பார்ப்போம். ஒருவர் தூக்கக்கூடிய சிறிய சிலிண்டரில் சுமார் 340 லீட்டர் வாயு இருக்கும். மோசமான நோயாளிக்குப் பை வைத்த முகமூடியில் நிமிடத்துக்கு 15 லீட்டர் விட வேண்டும். 340ஐ 15ஆல் வகுத்தால் 22 நிமிடம். இங்கிருந்து மண்முனைப் பாலம் தாண்டி மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ, தெற்கே களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்கோ போய்ச் சேருமுன் முள் பூச்சியத்துக்கு வந்துவிடும். அதுவும் நிரம்பிய சிலிண்டராக இருந்தால். நிரப்புவதற்கு நகரத்துக்குக் கொண்டு போக வேண்டும். மாதத்துக்கொரு முறை திறந்து பார்க்கவும், ஒழுக்குப் பார்க்கவும் ஆள் வேண்டும். திருகாணி இறுகிவிட்டது என்று யாராவது எண்ணெய் விட்டால் தீப்பற்றும். கற்பூரமும் தீமிதிக் குழியும் உள்ள கோவில் வீதிக்கு அதை எடுத்துப் போவதை நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது.

ஒட்சிசன் மருந்துதான், மருந்துக்குரிய கட்டுப்பாடும் அதற்குண்டு. சாதாரண நோயாளிக்கு இரத்தத்தின் ஒட்சிசன் அளவு 94 முதல் 98 சதவீதம் வரை இருந்தால் போதும். பீடி குடித்துக் குடித்து நுரையீரல் கெட்டுப்போன பெரியவருக்கு 88 முதல் 92 வரைக்கும்தான் ஏற்றுவோம். அதற்கு மேல் அள்ளிக் கொடுத்தால் கரியமிலவாயு சேர்ந்து மயங்கிவிடுவார். பரக்குவாட் என்ற களைநாசினியைக் குடித்தவருக்கு ஒட்சிசனே நுரையீரல் சேதத்தைக் கூட்டும். அந்த நஞ்சு இலங்கையில் 2008 முதல் 2011 வரை படிப்படியாகத் தடைசெய்யப்பட்டு, வயல் வாடிகளிலிருந்து விலகியது நல்ல காலம்.

செறிவாக்கியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அது வீட்டில் நெடுநாள் படுத்திருப்பவருக்கான இயந்திரம். நிமிடத்துக்கு ஐந்து லீட்டர் அளவில் தருவது, கரண்ட் போனால் நிற்பது, ஆட்டோவில் ஏறாதது. கோவிட் காலத்தில் வாங்கிய ஒன்றின் மேல் பூச்சட்டி வைத்திருப்பதைப் பக்கத்து ஊரில் பார்த்தேன்.

செயலாளர் தம்பியின் ஒட்சிமானியை நான் அவ்வளவு எளிதாகத் தள்ளவில்லை. சட்டைப்பைக்குள் அடங்கும், மலிவு, முட்டுக்காரருக்கும் சளிக்காய்ச்சல் குழந்தைக்கும் உதவும். மருதோன்றி இட்ட விரல், நகப்பூச்சு, குளிர்ந்த கை என்றால் பொய் சொல்லும். புகைக்குள் அகப்பட்டவரிடம் நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றும். இவை தெரிந்த குறைகள். எனக்குப் பயம் வேறொன்றில்.

வட்டையில், அதாவது வயல்வெளியில், காவலுக்குப் போய் வாடியில் தரையில் படுத்தவரை இரவில் எட்டடி விரியன் கடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டுவிரியன் என்பதும் அதைத்தான். கடித்த இடத்தில் வலியும் இராது, வீக்கமும் இராது. சிலருக்குக் கடித்ததே தெரியாது. விடியற்காலை வயிற்றுவலி என்பார். பிறகு இமை தொங்கும், எச்சில் விழுங்க முடியாது, குரல் மூக்கால் வரும். நெஞ்சின் தசைகள் ஒவ்வொன்றாகச் சோர்கின்றன. அந்த நேரத்தில் ஒட்சிமானி 97 காட்டும். அரை மணி கழித்தும் 96 காட்டும். அது விழத் தொடங்கும்போது மூச்சு நிற்கப் போகிறது என்று அர்த்தம். முகமூடியில் ஒட்சிசனும் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் தாமதமாகவே விழும். இதற்குக் காசில்லாத கருவி ஒன்று உண்டு. ஆழ மூச்செடுத்து ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். முதலில் 30 வரை போனவர் சற்று நேரத்தில் 15இல் நின்றுவிட்டால் விரலில் என்ன எண் தெரிந்தாலும் ஊதத் தயாராகுங்கள். விஷமுறிவு மருந்து வைத்தியசாலையில்தான் இருக்கிறது; அது வரைக்கும் யாராவது அவருக்காக மூச்சு விட்டால் பிழைத்துக்கொள்வார்.

யாராவது அவருக்காக மூச்சு விடுவது எப்படி? எனக்கு உண்மையான போட்டி இங்கேதான். ஒரு பக்கம் பொக்கெட் மாஸ்க்: முகத்தில் பொருந்தும் முகமூடி, நடுவில் ஒருவழி அடைப்பிதழ், அதில் வாய் வைத்து ஊதுவது. மறு பக்கம் அம்பு பை: கையால் அமுக்கினால் காற்றைத் தள்ளி, விட்டால் தானே உப்பிக்கொள்ளும் பை. பெயரைச் சொன்னதும் பொருளாளர், "அம்பறாத்தூணியா?" என்றார். அம்பு என்பது டென்மார்க் கம்பனி ஒன்றின் பெயர். 1956இல் ஹென்னிங் ரூபன் என்ற வைத்தியரும் ஹோல்கர் ஹெஸ்ஸ என்ற பொறியியலாளரும் கொண்டு வந்த பை. அதற்கு நான்கு வருடம் முன்னால், 1952இல், கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது மூச்சுத் தசை செயலிழந்த பிள்ளைகளுக்கு மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாக, தொண்டையில் பொருத்திய குழாய் வழியே றப்பர்ப் பையை அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அம்பு பையைப் படத்தில் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதுவே பிடிக்கும். கையில் எடுத்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் முகமூடியை அழுத்த, மற்ற மூன்று விரலும் தாடை எலும்பைத் தூக்க வேண்டும். மற்றக் கை பையை அமுக்க வேண்டும். தாடி வைத்தவர், பல் போனவர் என்றால் ஒரு பக்கத்தால் புஸ்ஸென்று காற்று ஒழுகும். தினம் செய்த எங்களுக்கே ஒரு கையால் பிடிப்பது இலகுவாக வந்ததில்லை. இருவர் வேண்டும், ஒருவர் இரு கையாலும் முகமூடியைப் பிடிக்க, மற்றவர் அமுக்க. பதறியவர் முழுப் பையையும் கசக்குவார். வளர்ந்தவர்க்கான பையில் ஒன்றரை லீட்டர் அளவில் காற்று இருக்கும். தேவை 500 முதல் 600 மில்லிலீட்டர்தான். மிஞ்சியது இரைப்பைக்குள் போகும். இரைப்பை உப்பினால் தின்ற சோறு மேலே வரும். மேலே வந்தது நுரையீரலுக்குள் இறங்கும். ஆறு வினாடிக்கு ஒரு முறை, நெஞ்சு எழும்பினால் போதும்.

பொக்கெட் மாஸ்கில் இந்தச் சிக்கல் பாதி. இரு கையும் முகமூடிக்கே கிடைக்கிறது. தனியாள் செய்யலாம். நாம் ஊதும் மூச்சில் ஏறக்குறைய 16 சதவீதம் ஒட்சிசன் இருக்கிறது. சுற்றியுள்ள காற்றிலே 21. அந்தப் பதினாறு ஓர் உயிரைத் தாங்கப் போதும். நெஞ்சு எழும்புகிறதா என்பது ஊதுபவருக்கு வாயிலேயே தெரிந்துவிடும். பையை அமுக்குபவருக்கு அவ்வளவு தெரியாது. வருடத்துக்கொரு முறை பயிற்சி பெறும் கடைக்காரர், ஆட்டோச் சாரதி, பாலர் பாடசாலை ஆசிரியை ஆகியோர் கையில் எது வேலை செய்யும் என்று கேட்டால், தயக்கமில்லாமல் பொக்கெட் மாஸ்க் என்பேன்.

ஆனால் நாம் நெல் விதைக்கும் ஊர். பூச்சிநாசினி குடித்தவர், விசிறும்போது மயங்கியவர் இங்கே உண்டு. கண்மணி ஊசித்துளையாகச் சுருங்கி, வாயிலிருந்து நுரையும் எச்சிலும் வழிய, நெஞ்சு களகளவென்று கிடப்பவரிடம் வாய் வைத்து ஊது என்று ஒரு பிள்ளையிடம் நான் சொல்ல மாட்டேன். அடைப்பிதழ் இருந்தாலும் சொல்ல மாட்டேன். அதற்காக ஓர் அம்பு பை வேண்டும். அதைப் பிடிக்க நான்கு பேராவது ஒழுங்காகப் பழக வேண்டும். கூடவே கையால் இயங்கும் உறிஞ்சி ஒன்று. துப்பாக்கிபோலப் பிடித்து அமுக்கினால் வாயில் நிற்பதை இழுத்தெடுக்கும், மின்சாரம் வேண்டாம். எச்சில் நிரம்பிய வாய்க்குள் ஊதுவது அந்த எச்சிலை நுரையீரலுக்கு அனுப்பும் வேலை. கூட்டத்தில் உறிஞ்சியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. என்னைக் கேட்டால் சிலிண்டருக்கு முன்னால் அதை வாங்குவேன்.

வாய்க்குள் வைக்கும் வளைந்த குழாய், கீடல் குழாய் என்போம், 1930களிலிருந்து இருக்கிறது. நாக்கைப் பின்சுவரிலிருந்து விலக்கி வைக்கும். வாய்க்கடையிலிருந்து தாடைக் கோணம் வரை அளந்து அளவு எடுக்க வேண்டும். அரை நினைவில் இருப்பவருக்கு வைத்தால் ஓங்கரித்து வாந்தி எடுப்பார். மூன்று அளவில் வாங்கி, அம்பு பை பழகும் அந்த நான்கு பேருக்கு மட்டும் கொடுக்கலாம். குரல்வளைக்கு மேல் உட்காரும் ஐ-ஜெல் போன்றவை நமக்கு வேண்டாம். அவை அன்றாடம் அதையே செய்பவர்களின் கருவி.

பின்வரிசைக்காரரின் 1990க்கும் பதில் சொல்ல வேண்டும். இந்திய உதவியுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுவதும் வந்த இலவசச் சேவை அது. பயிற்சி பெற்றவர் வருகிறார், ஒட்சிசன் வருகிறது. நாம் சிலிண்டர் வாங்காமல் விடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் வண்டி வந்து சேரும் வரை, மேலே சொன்ன நான்கு முதல் ஆறு நிமிடம் நம்முடையது. முதலில் அழைப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு, மூச்சைப் பாருங்கள். வண்டி தூரத்தில் இருக்கிறது, நாமே கொண்டு போக வேண்டும் என்றால் ஆட்டோவில் இருத்துவதை விட்டுவிடுங்கள். மூச்சு விடுகிற, ஆனால் நினைவில்லாதவர் பக்கவாட்டில் படுக்க வேண்டும். வாய் நிலத்தைப் பார்த்தால் வாந்தி வெளியே போகும், நாக்கு முன்னுக்கு விழும். லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோலைப் பரப்பிச் சரித்துக் கிடத்துவது, ஆட்டோவில் கழுத்தொடிய இருத்துவதைவிட எவ்வளவோ மேல். 2014இல் மண்முனைப் பாலம் திறக்குமுன் துறையில் பாதை என்னும் மிதவைப் படகுக்குக் காத்துக் கிடந்தவர்கள் நாங்கள். அந்தக் காலத்து அவசரப் புத்தி, தூக்கி அடைத்துக்கொண்டு ஓடும் புத்தி, இன்னும் போகவில்லை.

திருவிழாவில் கச்சான் விக்கிய குழந்தைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள். சத்தம் வரவில்லை என்றால் முன்னே சரித்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து அடி, பிறகு பின்னாலிருந்து தொப்புளுக்கு மேலே உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்தம், மாறி மாறி. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அமுக்கக் கூடாது. நெஞ்சில்தான் அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தோண்டவும் கூடாது.

இவ்வளவும் வயலும் வாவியும் நடுவில் கிடக்கும் எங்கள் ஊருக்கான கணக்கு. பாசிக்குடாவிலோ அறுகம்பேயிலோ கரையில் நிற்கும் உயிர்காப்போர் குழு கேட்டால் என் பதில் மாறும். நீரில் மூழ்கியவருக்கு இதயம் நிற்பதற்கு முன்னால் ஒட்சிசன் தீர்ந்துவிடுகிறது. முதலில் ஐந்து முறை ஊதிவிட்டுத்தான் முப்பது நெஞ்சழுத்தம், இரண்டு ஊதல் என்று தொடர வேண்டும். வெறும் நெஞ்சழுத்தம் அவருக்குப் போதாது. தினமும் கூட்டம் இறங்கும் கரையில், சம்பளத்துக்கு ஆள் நிற்கும் இடத்தில், சிலிண்டரைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருப்பார். அங்கே அது வாங்கத் தகுந்த பொருள். நம் வாவியில் விழுந்தவருக்கும் அதே ஐந்து ஊதல்தான். காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றித் தண்ணீர் எடுக்கும் வித்தையை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

நான் எழுதிக் கொடுத்தது இது: பொக்கெட் மாஸ்க் ஆறு, அம்பு பை ஒன்று, வளர்ந்தவர்க்கும் சிறுவர்க்கும் முகமூடி, கையுறிஞ்சி ஒன்று, கீடல் குழாய் மூன்று, ஒட்சிமானி ஒன்று. மிகுதிப் பணம் முழுவதும் பன்னிரண்டு பேரின் பயிற்சிக்கு. செஞ்சிலுவைச் சங்கத்திடமோ சென் ஜோன் அம்புலன்ஸிடமோ கேட்கலாம், ஆறு மாதத்துக்கொரு முறை மீட்டல். தலைவர் படித்துவிட்டு, "படம் எடுத்து அனுப்ப ஒன்றுமில்லையே, அண்ணன்" என்றார். பன்னிரண்டு பேரையும் நிறுத்தி எடுங்கள் என்றேன்.

இரண்டாவது கூட்டத்தில் கருவிகளைப் பற்றிப் பேச்சு அதிகம் எழவில்லை. அவை எங்கே இருப்பது என்பதில்தான் ஒரு மணி நேரம் போனது. சங்கத்து அலுமாரியில் என்றார்கள். அலுமாரிச் சாவி பொருளாளரிடம். பொருளாளர் திங்கள் முதல் வெள்ளி வரை கல்முனையில் வேலை. கடைசியில் ஒரு மாஸ்க் பாலர் பாடசாலையில், ஒன்று கோவில் மடைப்பள்ளியில், ஒன்று வட்டைக்குப் போகும் வழியில் உள்ள தேநீர்க் கடையில், மிகுதி மூன்றும் மூன்று ஆட்டோக்களில் என்று முடிவாயிற்று. அம்பு பையும் உறிஞ்சியும் சந்திக் கடையில், பூட்டில்லாத பெட்டியில். கடைக்கார மச்சான் ஒப்புக்கொண்டார். வாரத்துக்கொரு முறை பையை அமுக்கிப் பார்ப்பதாகவும் சொன்னார். பெட்டியின் மேல் வெற்றிலைத் தட்டத்தை வைக்கக் கூடாது என்று மட்டும் அவரிடம் எழுதி வாங்கியிருக்கிறேன்.